விடு என்றால் விட வேண்டும்

எங்கள் கடைத்தெரு முனையில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு இப்போது போனால், கையிடுக்கில் வைத்துக்கொண்டு போகிற அளவுக்குத்தான் கண்ணாடி கிடைக்கும். படத்துக்குச் சட்டம் போடுகிற கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, அலமாரித் தட்டுக்குச் சின்னதாக ஒன்றிரண்டு. கதவு அளவுக்குக் கேட்டீர்கள் என்றால் கடைக்காரர் தன் வலது கையை விரித்துக் காட்டுவார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். "என் பொண்ணு விட்டுட்டா" என்பார். நீங்களும் உச்சுக்கொட்டிவிட்டு, கேட்டதைவிடச் சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

நம்பாதீர்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

அவர் என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான். கடை வேனை ஓட்டுவது நான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து அவருடைய நல்லது கெட்டது இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் சுலபமாகப் போயிருக்கும். வெறுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம்.

அவருக்குப் பட்டப்பெயர் உடும்பு. இளவயதில் ஒரு கண்ணாடிக் கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் லாரியில் கட்டியிருந்த கயிறு அறுந்து ஒரு பெரிய ஷீட் சரிந்தபோது, மற்றவர்கள் எல்லாம் சிதறி ஓட, இவர் ஒருத்தர் மட்டும் தாங்கிக்கொண்டு நின்றாராம். ஆட்கள் திரும்பி வந்து கையில் வாங்குகிறவரை விடவில்லையாம். கிடங்கு முதலாளி முதுகில் தட்டி, "உடும்புப் பிடிடா உனக்கு" என்றாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தரமும் ஷீட் கொஞ்சம் பெரிதாகும். ஓடாமல் நின்றது தன் தைரியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது உடையாமல் இருந்தது வெறும் அதிர்ஷ்டம் என்று யாராவது அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கல்யாணமான கையோடு சொந்தக் கடை வைத்தார். நீளமான ஒரே அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க மரத் தாங்கிகள், அவற்றில் ஷீட்டுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் கம்பளி விரித்த வெட்டு மேசை, மூலையில் உடைசல் போடுகிற பீப்பாய். பின்னால் ஒரு முற்றம், அதைத் தாண்டினால் வீடு. வெட்டு மேசைக்கு முன்னால் நின்றால் மச்சான் வேறு ஆள். கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, அடியில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரியும். இந்த வீட்டில் அவர் சொன்ன பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான் என்பாள் அக்கா.

வெட்டுவதற்கு ஒருவர் போதும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கேதான் சனியன் பிடித்தது. எந்த ஆளும் அவரிடம் நிலைக்கவில்லை. ஒரு விஷயத்தை மூன்று தரம் சொல்வார். பிறகு, ஏன் மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அரை மணி நேரம் பேசுவார். ஒருத்தன் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போனவன், டப்பாவைக்கூட எடுக்கத் திரும்பி வரவில்லை. அந்த டப்பாவில் இன்றைக்கும் ஆணி கிடக்கிறது.

அப்படி ஒருத்தன் போன நாளில்தான் மகள் கடைக்குள் வந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஷீட் அவசரமாக வேனில் ஏற வேண்டும். எனக்கு முதுகு அப்போதே பழுது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கைக்குப் பொருந்தாத கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தாள்.

"உள்ள போ. இது பொம்பளப்புள்ள வேலை இல்ல," என்றார் மச்சான்.

"தூக்கறீங்களா, இல்ல நின்னுக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

தூக்கினார். வேறு என்ன செய்வார்?

அதிலிருந்து ஐந்தாறு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினார்கள். ஒரே உயரம், ஒரே நடை, பிடிவாதமும் ஒரே அளவு. இரண்டு பேரும் ஒரு பெரிய ஷீட்டை நிறுத்தித் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தால், டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்ப்பார்கள். கால் மாறாது, கண்ணாடி ஆடாது. அவள் இல்லாத இடத்தில் மச்சான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். "எம்பொண்ணு கை இருக்கே, அது தராசுய்யா" என்பார். அவள் வந்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "எங்கடி போன வாயாடி?" என்பார். வாயாடி என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அவளை ஒன்றும் பாவப்பட்ட பெண் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றிலும் ஏட்டிக்குப் போட்டி. அவர் இடது பக்கம் என்றால், ஏன் வலது பக்கம் ஆகாது என்று கேட்ட பிறகுதான் இடது பக்கம் போவாள். ஒருமுறை வாடிக்கைக்காரர் எதிரிலேயே, அப்பா எடுத்த அளவு ஒரு விரற்கடை குறைகிறது என்றாள். குறையத்தான் செய்தது. மச்சான் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. இன்னொரு முறை அவரைக் கேட்காமல் ஒரு நல்ல ஷீட்டைத் தப்பாக வெட்டித் தொலைத்துவிட்டு, ஷீட்டே சரியில்லை என்று சாயங்காலம்வரை வாதாடினாள். அப்போது மூச்சு முட்டியது எனக்குத்தான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே இல்லை. அது தூக்குகிறவர்களின் பேச்சு. கண்ணாடி தூக்கும்போது நான்கே வார்த்தைதான்: தூக்கு, நில், இறக்கு, விடு. இதில் அப்பா, மகள், முதலாளி, வேலையாள் என்கிற மரியாதை எல்லாம் கிடையாது. 'ங்க' சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கால்விரல் போய்விடும். நான்கில் கடைசி வார்த்தைதான் முக்கியம். கண்ணாடியில் விரிசல் ஓட ஆரம்பித்தால் அது அந்த முனையைப் பிடித்திருப்பவர் விரலுக்குத்தான் முதலில் தெரியும். மறுமுனைக்குத் தெரிய நேரமிருக்காது. அதனால் ஒருவர் 'விடு' என்றால் மற்றவர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, எங்கே என்று பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் விட்டால் போவது கண்ணாடி மட்டும்தான். ஒருவர் விட்டு மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தால், பிடித்துக்கொண்டிருப்பவர் கை போகும்.

இது எல்லாக் கண்ணாடிக்காரருக்கும் தெரிந்தது. மச்சானுக்கும் தெரியும். கடைக்கு வந்த ஒவ்வொரு ஆளிடமும் இதைத்தான் மூன்று தரம் சொல்லியிருக்கிறார்.

வம்பு ஒரு காண்ட்ராக்டர் வழியாக வந்தது. உயரமான கட்டடங்களுக்கு முகப்புக் கண்ணாடி மாட்டுகிறவர், சில்லறை வேலைக்கு எங்கள் கடையில்தான் கண்ணாடி வாங்குவார். இவள் தூக்குவதை நாலைந்து முறை நின்று பார்த்திருக்கிறார். ஒருநாள் மச்சானிடமே நேராகக் கேட்டார். "இந்தப் பொண்ண எங்கிட்ட அனுப்புங்க. ரெண்டு வருஷம் போனா ஒரு குழுவையே இவ கையில குடுத்துடுவேன்."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவள் தெருவைப் பார்க்கவே மாட்டாள், கழுத்தைச் சாய்த்து மேலேதான் பார்ப்பாள். "மாமா, அந்த மூணாவது வரிசை கோணலா இருக்கு பாருங்க. நானா இருந்தா கழட்டி மாட்டியிருப்பேன்" என்பாள். நான் சாலையைப் பார்ப்பதா, மூன்றாவது வரிசையைப் பார்ப்பதா?

காண்ட்ராக்டர் போனதும் கடைக்குள் ஆரம்பித்தது.

"என் வீட்டுப் பொண்ணு அடுத்தவன்கிட்ட கூலிக்குப் போறதா?"

"உங்ககிட்ட மட்டும் நான் என்ன மகாராணியா இருக்கேன்?"

"நீ போயிட்டா இங்க யாரு தூக்கறது?"

"ஆள் வைங்க. வர்ற ஆளை எல்லாம் திட்டி வெரட்டாம வைங்க."

"நானா வெரட்டறேன்?"

"பின்ன, ஆணி டப்பா தானா நடந்து வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. மேசையில் கையால் ஓங்கி அறைந்து, "இனிமே எங்கிட்ட வாயத் தொறக்காத. மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றார்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் என்னவோ கோபத்தில் சொன்னார். அவள் வாழ்நாளில் முதல் முறையாக அப்பா சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டாள். அதைவிட மோசமாக ஒரு மனுஷனை எதிர்த்துப் பேச முடியாது. காலையில் கடையைத் திறப்பாள், தூசி தட்டுவாள், தூக்குவாள், இறக்குவாள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அக்காவிடம் சொல்வாள்: "அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட பிசின் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க." அவர் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். "என்னை என்ன தபால்காரின்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?" என்று அக்கா கரண்டியோடு கத்துவாள்.

தூக்கும்போது மட்டும் பேசாமல் எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். விரல் முட்டியால் கண்ணாடியில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் நட. சத்தம் கண்ணாடி வழியாகவே மறுமுனைக்குப் போய்விடும். மச்சான் முதல் நாள் கத்தினார், இரண்டாம் நாள் முறைத்தார், பிறகு அவரும் தட்ட ஆரம்பித்தார். இரண்டு பேரும் டொக் டொக் என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. எனக்கு வேடிக்கையாக இல்லை.

"விடுறதுக்கு எத்தனை தட்டு?" என்று அவளைக் கேட்டேன்.

"அதுக்கு வாய் இருக்கு, மாமா" என்றாள்.

காண்ட்ராக்டரிடம் அவள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அப்பா வேறு ஆள் பார்க்கட்டும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கோபத்திலும் கடையை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. மச்சானா ஆள் பார்ப்பார்? இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். ஒருத்தனுக்கு உயரம் போதாது என்றார், இன்னொருத்தனுக்கு உயரம் அதிகம் என்றார்.

அப்படி இழுத்துக்கொண்டு போன சமயத்தில்தான் அந்த அலுவலக வேலை வந்தது. நீளமான நடை, அதன் கடைசியில் கூட்டம் போடுகிற அறை. அந்த அறைக்கு ஒரு தடுப்புக் கண்ணாடி. நான் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஷீட்டின் முன்முனை அவள் கையில், பின்முனை அவர் கையில். நடை முழுக்கப் பிரச்சினை இல்லை. அறைக்குள் திரும்புகிறபோது அவள் பக்கத்து மேல்மூலை கதவு நிலையில் உரசியது. நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"விடு!" என்று கத்தினாள்.

மாதக்கணக்கில் அவரை நோக்கி எழும்பாத குரல். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கத்திய கையோடு அவள் இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பின்னால் குதித்தாள், பழகினபடி. மச்சான் விடவில்லை. நான் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றேன். காதில் விழாதவர் முகம் இல்லை அது. கண்ணாடியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பிடியை இறுக்கினார்.

ஷீட் நடுவில் உடைந்தது. முன்பாதி தரையில் விழுந்து நொறுங்கியது. பின்பாதி அவர் கைக்குள்ளேயே சுழன்று, கையுறை முடிகிற இடத்தில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு இறங்கியது. அவள்தான் முதலில் ஓடினாள். தன் துப்பட்டாவை உருவி அவர் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேனில் ஏற்றினாள். வழி முழுக்க அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் தையல் போட்ட டாக்டர், எப்படி ஆனது என்று கேட்டார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "என் பொண்ணு விட்டுட்டா" என்றார்.

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கழுவப் போனாள்.

அன்று சாயங்காலம் நான் அவரைக் கேட்டேன். "மச்சான், அவ 'விடு'ன்னு சொன்னா. நீங்கதான் விடல."

"விரிசல் எங்கடா இருந்துச்சு? நான் பாக்கலையே."

"பாத்துட்டு விடுறதுக்கா மச்சான் அந்த வார்த்தை?"

"அவ சொன்னா உடனே விட்டுடணுமா? நேத்துப் பொறந்தவ."

இதற்கு மேல் என்ன பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அதே வாக்கியம். உறவுக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், கிடங்கு ஆட்கள். கண்ணாடி வேலையில் 'விட்டுட்டா' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டவள், பயத்தில் கையை எடுத்தவள், இவளோடு சேர்ந்து தூக்கக் கூடாது. காண்ட்ராக்டரும் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து உட்கார்ந்து அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எழுந்தார். நான் வாசல்வரை பின்னாலேயே ஓடினேன்.

"அவ 'விடு'ன்னு சொன்னா ஐயா. இவர்தான் விடல. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீங்க அவளுக்கு மாமா. வேற என்ன சொல்லுவீங்க?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. "என் ஆளுங்க உசரத்துல நிக்கறாங்க. பக்கத்துல இருக்கறவன நம்பித்தான் நிக்கறாங்க. ஒரு அப்பன் தன் பொண்ணப் பத்தி இப்படிப் பொய்யா சொல்லுவான்?"

சொல்லுவான் ஐயா. எங்கள் வீட்டில் ஒருத்தர் சொன்னார். அந்த ஒரே வாக்கியத்தில் உடும்பு என்கிற பெயரும் தப்பித்தது, மகளும் கடையிலேயே தங்கினாள். திட்டம் போட்டுச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன பிறகு அதன் வசதி அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. அதற்காக அவரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"நீயாவது வாயத் தொறந்து சொல்லேன்டி" என்று அக்கா அழுதாள்.

"சொன்னேனே. அன்னிக்கே சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு கடையை அவள்தான் நடத்தினாள். வெட்டுவது அவள், அளவெடுப்பது அவள், மறுமுனையைத் தூக்குவது, வேறு நாதியில்லாமல், நான். என் முதுகுக்கு அவள் தன் செலவில் ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தாள். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஆணை போடுவார். ஒருநாள் குளியலறைக் கண்ணாடி ஒன்றை இறக்குகிறபோது "விடு" என்றாள். நான் விட்டேன், யோசிக்கவே இல்லை. கண்ணாடி சிதறியது. அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்து, ஓரத்தில் முன்பே ஓடியிருந்த விரிசலைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் சேந்து கடையை மூடிடுங்க. நானா இருந்தா பிடிச்சிருப்பேன்" என்று நாற்காலியில் இருந்து சத்தம் வந்தது.

"பிடிச்சீங்களே, பாத்தோமே" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

கட்டுப் பிரித்து, பயிற்சி எல்லாம் செய்து, ஆன மட்டும் பார்த்தாயிற்று. இரண்டு விரல் மடங்கவில்லை. ஆனால் மச்சான் மடங்குகிறது என்றுதான் சொல்வார். மழை நின்றால் மடங்கும், வெயில் வந்தால் மடங்கும்.

ஒருநாள் காலையில் காண்ட்ராக்டர் தன் லாரியோடு வந்தார். ஒரு கடை முகப்புக்கு ஷீட் சொல்லியிருந்தார். அவள் முந்தைய நாளே வெட்டி, ஓரம் தேய்த்து, துடைத்துத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். நான் பட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். மச்சான் என்னைக் கையமர்த்தினார்.

"நீ இரு. நான் தூக்கறேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று அக்கா ஓடிவந்தாள்.

அவர் காதில் வாங்கவில்லை. பழைய கையுறையை எடுத்து மாட்டினார். அதில் இரண்டு விரல் விறைத்துக்கொண்டு நின்றது. காண்ட்ராக்டர் பார்க்கிறார், உடும்பு உடும்புதான் என்று அவருக்குக் காட்ட வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை. மகள் அந்தக் கையுறையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன்னுடையதை மாட்டிக்கொண்டு முன்முனைக்குப் போனாள்.

டொக் டொக் என்று இரண்டு தட்டு. நடந்தார்கள். நான் பக்கத்திலேயே போனேன், எந்த நேரமும் தாங்கிக்கொள்ளலாம் என்று. அதே உயரம், அதே நடை. வெட்டு மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கினார்கள். காண்ட்ராக்டர் லாரியின் பின்பக்கம் கம்பளியை விரித்துவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான்கடி முன்னால் வந்ததும் அவள் நின்றாள்.

"விடு" என்றாள்.

கத்தவில்லை. தெளிவாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

காண்ட்ராக்டர் சட்டென்று பின்னால் குதித்தார், தொழில் பழக்கம். மச்சான் விடவில்லை. கண்ணாடியை மேலிருந்து கீழே பார்த்தார். அவளைப் பார்த்தார். பிடியை இறுக்கினார். இடமும் நேரமும் மாறியிருந்தன, முகம் அதே முகம்.

"என்னடி? ஒண்ணும் இல்லையே? எதுக்கு விடணும்?" என்றார்.

அப்போதுதான் நான் அவள் கையைப் பார்த்தேன். அவளும் விடவில்லை. இரண்டு கையாலும் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பிக் காண்ட்ராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மச்சானைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், மறுபடி மச்சானைப் பார்த்தார்.

"தூக்கு" என்றாள் அவள்.

லாரியில் ஏற்றினார்கள். காண்ட்ராக்டர் தானே கயிறு கட்டினார், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு. கட்டி முடித்துவிட்டு மச்சானிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் பாத்தீங்களா?"

மச்சான் கையுறையைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். விறைத்த விரலில் அது மாட்டிக்கொண்டது.

காண்ட்ராக்டர் அவளிடம் திரும்பி, "திங்கக்கிழமை காலையில வந்துடும்மா" என்றார். லாரி போய்விட்டது.

மச்சான் தெருவிலேயே நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அதுல விரிசல் ஏதாவது இருந்துச்சா? நீ பாத்தியா?" என்றார்.

"இல்ல மச்சான். நல்ல கண்ணாடி."

"அப்புறம் எதுக்குடா விடணும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று உள்ளே போனேன். அவள் பின் முற்றத்தில் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். கையுறை கழற்றிக் கிடந்தது. குழாயைத் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன்.

"உனக்கு மூளை இருக்கா? 'விடு'ன்னு சொல்லிட்டு நீ பிடிச்சுக்கிட்டு நிக்கற. அவர் விட்டிருந்தா? மொத்த ஷீட்டும் உன் கையிலதானே இறங்கியிருக்கும்?"

"தெரியும், மாமா."

"தெரிஞ்சுமா செஞ்ச?"

"விடமாட்டாருன்னும் தெரியும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அழாதவள் அப்போது அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

"ஜெயிச்சுட்டியேடி. அப்புறம் எதுக்கு அழுகை?" என்றேன்.

"என் பேச்ச நம்பி விட்டிருந்தா என் கை போயிருக்கும், மாமா" என்றாள். "ஆனா நான் இங்கயே இருந்திருப்பேன்."